இழுவை வேறு, பிடிப்பு வேறு

இந்த மே மாதம், மழைக்கு இன்னும் மூன்று வாரம் இருக்கும்போது, கராஜ் வேலை பார்க்கும் உங்களில் ஒருவர் எனக்குப் போன் செய்தார். பெயர் வேண்டாம், படித்தால் அவருக்கே தெரியும். அவருடைய வாடிக்கையாளர் ஒருவர் வாஷிப் பக்கம் கட்டட வேலை நடக்கும் இடங்களுக்கு டைல்ஸ் ஏற்றிப் போகிறார். பின்சக்கரத்தில் மட்டும் ஓடும் பிக்அப். சேற்றில் சக்கரம் நின்ற இடத்திலேயே சுற்றுகிறது, மெதுவாகப் போகும்போது வண்டி இழுப்பதில்லை என்று புகார்.

"அண்ணாச்சி, நீங்க காதர் பாய் வண்டிக்கு ஒரு வேலை பாத்தீங்கள்ல, வெல்டிங் வச்சி? அத அப்பிடியே சொல்லிக் குடுங்க. செம்பூர் மேட்ட மழையில அந்த வண்டி சர்ருனு ஏறிச்சாம். எங்க வாப்பா இன்னும் அதையே சொல்லிட்டிருக்காரு."

பிறகு கூப்பிடுகிறேன் என்று சொல்லி வைத்துவிட்டேன். கூப்பிடவில்லை. போனில் சொல்லி முடிக்கக்கூடிய பதில் இல்லை அது. அதனால்தான் எழுதுகிறேன். உங்களில் பலருக்குத் தமிழ் எழுத்துக் கூட்டித்தான் வரும் என்று தெரியும். வீட்டில் யாரையாவது வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள்.

தாராவியில் முப்பத்தோரு வருடம் கராஜ் நடத்தினேன். ஓய்வெடுத்து நான்கு வருடமாகிறது. தொடங்கிய நாளிலிருந்து டைரி எழுதினேன். எந்த வண்டி எந்தக் கிழமை வந்தது, ஓட்டுநர் என்ன சொன்னார், நான் என்ன செய்தேன், அன்று மழையா வெயிலா என்பதெல்லாம் அதில் இருக்கும். கீழே எழுதுவதை அந்த டைரிகளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே எழுதுகிறேன். ஒரே ஒரு நாளைப் பற்றி மட்டும் டைரியில் எதுவும் இல்லை. அதை நினைவிலிருந்து சொல்வேன்.

முதலில் கேட்ட கேள்விக்குப் பதில். மழை வந்துகொண்டிருக்கிறது, உங்களைக் காக்க வைப்பது சரியில்லை. "வண்டி இழுக்கல" என்று ஓட்டுநர் சொன்னால் அதற்கு இரண்டு அர்த்தம் இருக்கலாம். எஞ்சின் திணறி அணைந்து போகிறது என்றால் இழுவை போதவில்லை. கிளட்ச், டீசல் வரத்து, பல்சக்கரம் என்று பார்த்துக்கொண்டு போகலாம். எஞ்சின் நன்றாக உறுமுகிறது, சக்கரமும் சுற்றுகிறது, வண்டிதான் நகரவில்லை என்றால் பிடிப்பு போதவில்லை. அங்கே பார்க்க வேண்டியவை டயர், டயரில் உள்ள காற்று, எல்லாவற்றுக்கும் மேலாகப் பின்சக்கரத்தின் மேல் உட்கார்ந்திருக்கும் எடை. மாட்டுங்காவில் பழைய உதிரி பாகம் விற்ற ஒருவர் நான் தொழிலுக்கு வந்த முதல் மாதத்திலேயே இதைச் சொன்னார். "இழுவை வேற, பிடிப்பு வேற. ரெண்டையும் போட்டுக் குழப்பிக்கிட்டா எங்கிட்ட வந்து தேவையில்லாத சாமான் வாங்கிட்டுப் போவே. எனக்கு நல்லதுதான்." அவர் சொன்னதை அன்றே எழுதி வைத்தேன். எழுதி வைத்தவன் எல்லாம் கற்றுக்கொண்டவன் ஆகிவிடுவதில்லை.

எடை என்றதும் எங்கே என்று கேளுங்கள். உல்லாஸ்நகரிலிருந்து ஒரு துணி வியாபாரி வந்துகொண்டிருந்தார். காலி வண்டி மழையில் வழுக்குகிறது என்றார். "பின்னால நாலு மணல் மூட்டை போடுங்க" என்று சொல்லி அனுப்பினேன். பத்து நாள் கழித்துச் சிரித்த முகத்தோடு திரும்பி வந்தார். "ஸ்டீயரிங்கும் சரி பண்ணிட்டீங்களே அண்ணாச்சி, ஒரு விரல்ல திருப்புறேன்!" போய்ப் பார்த்தால் நாலு மூட்டையும் பின்கதவை ஒட்டி, பின்சக்கர அச்சைத் தாண்டி வெளியே கிடக்கின்றன. சீசா பலகை மாதிரி முன்பக்கம் தூக்கிக்கொண்டு, முன்சக்கரம் தரையைச் சும்மா தொட்டுக்கொண்டிருந்தது. பின்னால் என்று சொன்னேனே தவிர எங்கே என்று சொல்லவில்லை. எடை அச்சுக்கு நேர் மேலே, அல்லது ஒரு சாண் முன்னால் இருக்க வேண்டும். நகராமல் கட்டியும் இருக்க வேண்டும். அந்த மனிதருக்கு ஒன்றும் ஆகவில்லை. என் கவனக்குறைவுக்கு அதிர்ஷ்டம் முட்டுக்கொடுத்த நாட்களில் அதுவும் ஒன்று.

காதர் பாய் வண்டியின் விஷயத்தில் அந்த அதிர்ஷ்டம் இல்லை.

காதர் பாய் தென்காசிப் பக்கத்துக்காரர். தண்ணீர் கேன் வியாபாரம். தாராவியில் அவருடைய கிடங்கு, அங்கிருந்து காலை ஏழு மணிக்கு பிக்அப் கிளம்பும். முதலில் மாட்டுங்காவில் அலுவலகங்கள், மெஸ்கள். அடுத்து செம்பூரில் குடியிருப்புக் காலனிகள். கடைசியாக, செம்பூரைத் தாண்டி ஒரு குன்றின் சரிவில் ஒட்டிக்கொண்டிருக்கும் வீடுகள். ஒவ்வொரு இடத்திலும் நிறைந்த கேனை இறக்கிவிட்டு காலி கேனை ஏற்றிக்கொள்வார்கள். அதனால் மேட்டுக்கு வரும்போது வண்டியில் இருப்பது பெரும்பாலும் காலி கேன்கள். மேட்டு வீடுகளுக்கான இருபது நிறைந்த கேன்கள் மட்டும், உருளாமல் இருக்கட்டும் என்று, ஓட்டுநர் இருக்கையின் பின்சுவரை ஒட்டி அடுக்கியிருக்கும். பின்சக்கரத்தின் மேல் காற்றடைத்த பிளாஸ்டிக்கைத் தவிர எதுவும் இருக்காது.

இதை இன்று எழுதும்போது எவ்வளவு சுலபமாகத் தெரிகிறது பாருங்கள். அன்று நான் வண்டிக்குப் பின்னால் ஏறிக்கூடப் பார்க்கவில்லை.

ஓட்டுநர் செல்வின். தூத்துக்குடி மாவட்டத்துக்காரர், அப்போது நாற்பதை நெருங்கிக்கொண்டிருந்தார். பன்னிரண்டு வருடமாகக் காதர் பாயிடம் ஓட்டினார். கண்ணாடியில் ஒரு கீறல் விழுந்தாலும் எனக்கு முன்னால் அவர் கண்டுபிடித்துவிடுவார். எட்டு வருடத்துக்கு முன், ஜூன் மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை வண்டியைக் கொண்டுவந்தார். அவர் சொன்னது டைரியில் இருக்கிறது.

"அண்ணாச்சி, மேட்டுல பின்சக்கரம் நின்ன எடத்துல சுத்துது. எடது பக்கம் சாக்கடத் தண்ணி வழிஞ்சி ஒரே பாசி. ஆனா ஒண்ணு சொல்லுதேன், கோவிச்சிக்கிடாதீய. மேட்ட மொதல்ல முடிச்சா ஏறிரும். நெறஞ்ச கேனோட போனா வண்டி தரையக் கவ்விப் புடிக்கும். காலி கேனத் தூக்கிட்டுப் போறதாலதான் இந்தப் பாடு."

"நீ ஓட்டுற வேலையப் பாரு செல்வின். மேட்டுல ஏத்துற வேலைய நான் பாத்துக்கிடுதேன்" என்றேன்.

கராஜில் இருந்தவர்கள் சிரித்தார்கள். செல்வினும் சிரித்தார். "சரி, வண்டி டாக்டரே" என்றார்.

மேட்டை முதலில் முடிக்க முடியுமா என்று காதர் பாயிடம் ஒரு பேச்சுக்குக் கேட்டேன். "ஆபீஸ்காரங்க ஒம்பது மணிக்கு கேன் இல்லன்னா போன் மேல போன் அடிப்பாங்க அண்ணாச்சி. மேட்டுக்காரங்க பொறுத்துக்கிடுவாங்க" என்றார். அத்தோடு அந்தப் பேச்சு முடிந்தது. நோய் என்ன, மருந்து என்ன என்பதை வண்டி ஓட்டியவர் என் முன்னால் நின்று சொல்லிவிட்டார். கராஜில் ஒரு ஸ்பானரைக்கூட எடுக்க வேண்டிய அவசியம் இல்லை. அதுதான் எனக்குப் பிடிக்கவில்லை என்று இப்போது நினைக்கிறேன்.

பின்அச்சுக்குள் இருக்கும் பெரிய பல்சக்கரமும் அதைச் சுழற்றும் சின்னப் பல்சக்கரமும் என் கைவந்த வேலை. தாராவியிலிருந்து குர்லா வரை அதற்கென்றே என்னைத் தேடி வருவார்கள். என் அலமாரியில் ஒரு ஜோடி சும்மா கிடந்தது. அதைப் போட்டால் வேகம் குறையும், இழுவை கூடும். போட்டேன். காய்ந்த சாலையில் வண்டி யானை மாதிரி நடந்தது. முதல் கியரில் கிளட்சை விட்டால் போதும், ஆக்சிலேட்டர் வேண்டாம். மழை விழுந்த முதல் நாள் செல்வின் திரும்பி வந்தார். முன்னைவிட மோசமாகச் சுற்றுகிறது என்றார். சுற்றத்தானே செய்யும். பிடிப்பில்லாத சக்கரத்துக்கு இன்னும் பலம் கொடுத்தால் அது இன்னும் பலமாக வழுக்கும். மாட்டுங்காக் கடைக்காரர் சொன்னது எனக்குத் தெரியாததா? தெரிந்தே, இல்லாத நோய்க்கு மருந்து கொடுத்திருந்தேன்.

அங்கேயாவது நிறுத்தியிருக்கலாம். ஆனால் பத்துப் பேர் முன்னால் "ஏத்துற வேலை என்னுது" என்று சொன்னவன் நான்.

வண்டி திரும்பும்போது உள்பக்கச் சக்கரம் குறைவாகவும் வெளிப்பக்கச் சக்கரம் அதிகமாகவும் சுற்ற வேண்டும். பின்அச்சுக்கு நடுவில் இருக்கும் வேறு சில சின்னப் பல்சக்கரங்கள் அதற்கு இடம் கொடுக்கின்றன. அதே இடத்தில்தான் தொல்லையும் இருக்கிறது. ஒரு சக்கரம் பாசியில் நின்றால் பலமெல்லாம் அந்தப் பக்கம் போய்விடும், இன்னொன்று சும்மா நிற்கும். அந்தச் சின்னப் பல்சக்கரங்களை வெல்டிங் வைத்து ஒட்டிவிட்டால் இரண்டு சக்கரமும் ஒன்றாகத்தான் சுற்றும். கல் குவாரியிலும் வயல் சேற்றிலும் மட்டும் ஓடும் வண்டிகளுக்கு அப்படிச் செய்வதைப் பார்த்திருக்கிறேன். படித்தும் இருக்கிறேன். தார்ச் சாலைக்கு ஆகாது என்பதும் அதே பக்கத்தில்தான் எழுதியிருந்தது.

வெல்டிங் கடைக்காரர் பீகார்க்காரர், அதிகம் பேச மாட்டார். பாகத்தைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "சேட், யே காடி ரோட் பே சலேகீ க்யா?" என்றார். இந்த வண்டி ரோட்டிலா ஓடப்போகிறது என்று கேட்கிறார். ஆமாம் என்றால் வைக்க மாட்டார் என்று அவர் முகத்தில் தெரிந்தது. "தூ வெல்டிங் மார்" என்றேன். நீ வெல்டிங்கை வை. வைத்தார்.

ஜூலை இரண்டாம் வாரம், சனிக்கிழமை, நல்ல மழை. நானும் வண்டியில் போனேன். செல்வின் முதல் கியரில் போட்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு விட்டார். வண்டி பாசியைத் தேய்த்துக்கொண்டு ஒரே சீராக மேலே போனது. காலி கேனோடு நின்ற மேட்டுப் பெண்கள் கைதட்டினார்கள். ஒரு அம்மா, "இனிமே கேனைத் தூக்கிட்டு நாங்க கீழ இருந்து நடக்க வேண்டாம்ல?" என்று கேட்டு எனக்கும் செல்வினுக்கும் டீ கொடுத்தார். அன்றைய டைரியில் "ஏறியது" என்று எழுதி இரண்டு கோடு இழுத்திருக்கிறேன். உங்கள் வாப்பாமார் இன்னும் சொல்வது அந்தச் சனிக்கிழமையைத்தான். பேர் பரவியது. இன்னும் இரண்டு பிக்அப்காரர்கள் வந்தார்கள். அவர்களுக்கும் வைத்துக் கொடுத்தேன்.

திரும்பி வரும்போது செல்வின் ஒன்று சொன்னார். "வளைவுல வண்டி ஒரு மாதிரி மொரண்டு பண்ணுது அண்ணாச்சி. நேராப் போகணும்னு அடம் புடிக்கி."

"புது வேலைல்லா, பழகிரும்" என்றேன்.

ஆகஸ்ட் மாதம், ஒரு வியாழக்கிழமை, காலை பதினொன்றரை மணி. தூறல். மேட்டில் கேன் இறக்கிவிட்டு செல்வின் கீழே வந்துகொண்டிருந்தார். வண்டியில் அத்தனையும் காலி கேன். சரிவு முடியும் இடத்தில் ஒரு வளைவு, அதன் ஓரத்தில் ஆட்டோ நிற்கும் இடம். வளைவில் வண்டியின் பின்பக்கம் அப்படியே சுழன்று, ஆட்டோவுக்காகக் குடை பிடித்து நின்றிருந்த ஒரு பெரியவரைத் தட்டிவிட்டு, சுவரில் மோதி நின்றது. பெரியவருக்கு இடுப்பெலும்பு முறிந்தது. செல்வினுக்கு இடது மணிக்கட்டு. அக்கம்பக்கத்தில் நின்றவர்கள் எல்லோரும் ஒரே மாதிரி சொன்னார்கள், "ரொம்ப வேகமா வந்தான்" என்று. சுழன்று வரும் வண்டி பார்க்கிறவர்கள் கண்ணுக்கு வேகமாகத்தான் தெரியும். போலீஸ் அதைத்தான் எழுதிக்கொண்டது.

அடுத்த நாள் காலை காதர் பாய் செல்வினைக் கூட்டிக்கொண்டு என் கராஜுக்கு வந்தார். இந்த நாள்தான் டைரியில் இல்லை. அந்தப் பக்கத்தில் கிழமை மட்டும் எழுதியிருக்கிறது.

செல்வின் கைக்கட்டோடு ஸ்டூலில் உட்கார்ந்தார். நான் கேட்காமலே சொன்னார்.

"ரெண்டாவது கியர் அண்ணாச்சி. வளைவு வருதேன்னு ஆக்சிலேட்டர்ல இருந்து கால எடுத்தேன், அவ்வளவுதான். பிரேக்கத் தொடவே இல்ல. பின்னாடி யாரோ வாலப் புடிச்சித் திருப்புன மாதிரி இருந்திச்சி."

அவர் சொல்லி முடிப்பதற்குள் எனக்குப் புரிந்துவிட்டது. நான் போட்ட பல்சக்கரத்தால் இழுவை எவ்வளவு கூடியதோ, காலை எடுத்ததும் எஞ்சின் பின்சக்கரத்தைப் பிடித்து நிறுத்துவதும் அவ்வளவு கூடியது. சாதாரண வண்டியில் ஒரு சக்கரம் வழுக்கினாலும் இன்னொன்று பக்கவாட்டில் தரையைப் பிடித்துக்கொள்ள வாய்ப்பு உண்டு. நான் இரண்டையும் ஒன்றாகக் கட்டிவைத்திருந்தேன். வழுக்கினால் இரண்டும் சேர்ந்தே வழுக்கும். மேலே எடையும் இல்லை. காலை எடுத்ததைத் தவிர செல்வின் எதுவும் செய்யவில்லை. எந்த ஓட்டுநரும் அங்கே காலை எடுப்பார்.

காதர் பாய் என் முன்னால் வந்து நின்றார். "அண்ணாச்சி, நீங்க சொல்லுங்க. வண்டியில கோளாறு எதுவும் உண்டா? உண்டுன்னா இப்பவே ஸ்டேஷனுக்குப் போய் எங்கையால எழுதிக் குடுக்கேன். வண்டி என் வண்டி, பழி எம்மேல வரட்டும். இவன் புள்ளகுட்டிக்காரன்."

யோசிக்க எனக்கு எவ்வளவு நேரம் இருந்தது? பக்கத்து லேத் பட்டறையில் ஒரு கம்பி அறுந்து விழுகிற நேரம். கராஜின் பெயர் போய்விடும் என்று நினைத்தேன். அனுமதியில்லாமல் வண்டியை மாற்றியதற்கு என்னைப் பிடிப்பார்கள் என்று நினைத்தேன். வெளியே ஓடிக்கொண்டிருக்கும் மற்ற இரண்டு வண்டிகளையும் நினைத்தேன். செல்வினை நினைக்கவில்லை.

"வண்டி நல்லாத்தான் இருக்கு பாய்" என்றேன்.

செல்வின் என்னைப் பார்க்கவில்லை. தரையையே பார்த்துக்கொண்டிருந்தார். "அப்ப நாந்தான் பாய்" என்றார்.

வாகன ஆய்வாளர் வந்து பிரேக்கை மிதித்துப் பார்த்தார், ஸ்டீயரிங்கைத் திருப்பிப் பார்த்தார், இயந்திரக் கோளாறு இல்லை என்று எழுதினார். பின்அச்சைத் திறந்து பார்க்க அவருக்கு ஒரு காரணமும் இல்லை. காரணம் சொல்லக்கூடிய ஒரே ஆளான நான் பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். வண்டி என்னிடமே பழுதுக்கு வந்தது. ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, பட்டப்பகலில், வெல்டிங் வைத்ததைக் கழற்றிவிட்டு நல்லதைப் போட்டேன். மற்ற இரண்டு வண்டிக்காரர்களையும் ஆயில் மாற்ற வேண்டும் என்று கூப்பிட்டு அதே மாதிரி கழற்றிவிட்டேன். அந்த வாரம் எவ்வளவு சுறுசுறுப்பாக வேலை செய்தேன் என்று நினைத்தால் இன்றும் கூசுகிறது. இன்னொருவருக்கு அடிபடக் கூடாது என்பது உண்மை. யாருக்கும் தெரியக் கூடாது என்பதும் உண்மை. எது முந்தியது என்று என்னைக் கேட்காதீர்கள்.

செல்வின் குற்றத்தை ஒப்புக்கொண்டார். லைசென்ஸைக் கொஞ்ச காலத்துக்கு முடக்கினார்கள். அந்தக் காலம் முடிந்த பிறகும் அவர் போய் அதைத் திரும்ப வாங்கவில்லை. காதர் பாய் வேறு வேலை தருகிறேன் என்றார். செல்வின் சாவியை மேசையில் வைத்துவிட்டு, மனைவியின் சொந்தக்காரர் வழியாக உல்லாஸ்நகரில் ஜீன்ஸ் தைக்கும் பட்டறைக்குப் போய்விட்டார். அடிபட்ட பெரியவர் அடுத்த வருடம் கோல் ஊன்றி நடந்தார். வாராவாரம் ஜும்மா தொழுகை முடிந்ததும் காதர் பாய் அவரைப் போய்ப் பார்த்தார். நான் ஒரு முறைகூடப் போகவில்லை.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். புது ஓட்டுநர் வந்ததும், அந்த மேட்டை நினைத்தாலே பயமாக இருக்கிறது, காலையிலேயே முடித்துவிடலாம் என்றார். காதர் பாய் ஒத்துக்கொண்டார். ஆபீஸ்காரர்கள் முக்கால் மணி நேரம் பொறுத்துக்கொண்டார்கள், ஒன்றும் குடிமுழுகிப் போகவில்லை. அடுத்த மழைக்காலம் முழுக்க அதே வண்டி, வெல்டிங் இல்லாமல், நிறைந்த கேன்களோடு அந்த மேட்டில் ஏறியது. ஒரு நாளும் சக்கரம் சுற்றியதாகப் புகார் வரவில்லை. செல்வின் சொன்னபடியேதான் நடந்தது.

அதனால், போன் செய்த தம்பிக்கு என் பதில் இது. வெல்டிங் வைக்காதே. வண்டிக்குப் பின்னால் ஏறி டைல்ஸ் எங்கே அடுக்கியிருக்கிறது என்று பார். எந்த இடத்துக்கு முதலில் போகிறார்கள், எங்கே காலியாகப் போகிறார்கள் என்று ஓட்டுநரைக் கேள். அவர் சொல்லி முடிக்கும் வரை வாயைத் திறக்காதே. வண்டியை நாம் தூக்கி வைத்துப் பார்க்கிறோம், அவர் அதில் உட்கார்ந்து பார்க்கிறார். நம்மால் செய்ய முடிகிற வேலையைத்தான் வண்டி கேட்கிறது என்று நினைப்பது நம் தொழிலில் எல்லோருக்கும் வரும் புத்தி. எனக்கு வந்தது.

அந்த போன் வந்த பிறகு இரண்டு வாரம் என்னால் சரியாகத் தூங்க முடியவில்லை. நான் வெட்கப்பட வேண்டிய வேலையை ஊரில் என் சாதனையாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். செய்யாத குற்றத்தைச் சுமந்தவர் எங்கே இருக்கிறார் என்று ஒருவருக்கும் தெரியவில்லை. விசாரித்து முகவரி வாங்கினேன். ஞாயிற்றுக்கிழமை, சர்ச்சில் பூசை முடிந்து வீட்டில் இருப்பார் என்று கணக்குப் போட்டு, ரயில் ஏறி உல்லாஸ்நகர் போனேன்.

"வாங்க அண்ணாச்சி! ஆளே எளைச்சிட்டீய" என்று செல்வின் எழுந்து வந்தார். தலை முழுக்க நரைத்திருந்தது. மனைவி ஊரில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தார். மகள் ஜெனி டீ போட்டுக் கொண்டுவந்தாள். வாஷியில் ஏதோ அலுவலகத்தில் வேலை. நான் முன்பு பார்த்தபோது பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த பெண்.

டம்ளரைக் கொடுத்த கையோடு என்னிடம் புகார் சொன்னாள். "அங்கிள், நீங்களாச்சும் அப்பாட்ட சொல்லுங்க. எனக்கு ஒரு ஸ்கூட்டி வாங்கணும். ஸ்டேஷன்ல இருந்து வீட்டுக்கு வர டெய்லி ஷேர் ஆட்டோ லைன்ல அரை மணி நேரம். லைசென்ஸ் எடுக்கவே விட மாட்டேங்கறாங்க."

"அது நமக்குச் சரிப்படாது பாப்பா" என்றார் செல்வின். கோபமாக இல்லை, பலமுறை சொன்னதைச் சொல்கிற மாதிரி. "நமக்குக் கை நிதானம் கெடயாது. எனக்கு இருந்திச்சின்னு நெனச்சேன். இல்ல."

டம்ளரைக் கீழே வைத்தேன். பல்சக்கரம், வெல்டிங், வளைவு, காதர் பாய் கேட்ட கேள்வி, நான் சொன்ன பதில், ஷட்டரைப் பாதி இறக்கியது எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னேன். நான் முடித்ததும் செல்வின் கேட்டார்.

"கால எடுத்ததுக்கா அண்ணாச்சி?"

"ஆமா."

"நான் பிரேக் அடிக்கல?"

"அடிக்கல. மறுநாளே நீ எங்கிட்ட சொன்ன, தொடவே இல்லன்னு."

"நானா சொன்னேன்?" அவர் தன் வலது காலைப் பார்த்தார். "எட்டு வருசமா அடிச்சிட்டேன்னுல்லா நெனச்சிட்டிருக்கேன். கண்ண மூடுனா அடிக்கிறது தெரியும். வண்டியில கோளாறு இல்லன்னா நாந்தான் ஏதோ பண்ணியிருக்கணும்லா? அதான் அடிச்சிருப்பேன்னு…"

ஜெனிதான் எழுந்து நின்றாள். "ஆப்னே போலா க்யோன் நஹீன், அங்கிள்?" என்றாள். ஏன் சொல்லவில்லை என்று. பிறகு தமிழில், "எட்டு வருஷம். ஏன் சொல்லல?"

"பயம்மா" என்றேன். வேறு சொல் கிடைக்கவில்லை. இப்போதும் கிடைக்கவில்லை.

செல்வின் என்னைத் திட்டவில்லை. பரவாயில்லை என்றும் சொல்லவில்லை. நான் அதை எதிர்பார்த்துப் போனேனா என்று கேட்டால், கொஞ்சம் எதிர்பார்த்தேன் என்றுதான் சொல்ல வேண்டும். அவர் எழுந்துபோய்ப் பட்டறையிலிருந்து கொண்டுவந்த ஒரு தாளை எடுத்து, வெற்றுப் பக்கத்தைத் திருப்பி என் முன்னால் வைத்தார். ஒரு பேனாவும் வைத்தார்.

"எழுதித் தாங்க அண்ணாச்சி."

"யாருக்குன்னு போட? ஸ்டேஷனுக்கா? எங்க வேணும்னாலும் நான் வாரேன்."

"யாருக்கும் போட வேண்டாம். நடந்தத நடந்தபடி எழுதுங்க. நீங்க கெழமை, நேரம் எல்லாம் போட்டு எழுதுவீயல்லா, அந்த மாதிரி."

எழுதினேன். வியாழக்கிழமை காலை பதினொன்றரை மணி என்று தொடங்கி, என் கையெழுத்தில் முடித்தேன். ஜெனி கை நீட்டினாள், அவளிடம் கொடுத்தேன். முதல் வரியிலேயே புருவத்தைச் சுருக்கினாள். "எனக்குத் தமிழ் ரொம்ப ஸ்லோ. அப்பா, நீங்க படிங்க."

செல்வின் சட்டைப் பையிலிருந்து கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு, ஜன்னல் பக்கம் திரும்பி, கோயிலில் பைபிள் வாசகம் படிக்கிற மாதிரி ஒவ்வொரு சொல்லாகப் படித்தார். பின்அச்சைப் பற்றி நான் எழுதியிருந்த இடம் அவருக்குத் தடையில்லாமல் வந்தது. கடைசிப் பத்திக்கு வந்தார். "வண்டி இரண்டாவது கியரில், மெதுவாகத்தான் வந்துகொண்டிருந்தது. செல்வின் பிரேக்கைத் தொடவில்லை. அவர் மேல் தவறு இல்லை." அதற்குக் கீழே என் பெயரையும் படித்தார்.

அவர் தாளைக் கண்ணுக்கு இன்னும் கொஞ்சம் அருகே கொண்டுபோய், அந்த மூன்று வரிகளையும் மறுபடி ஒருமுறை சத்தமாகப் படித்தார்.